பின்பக்க ஸ்பிரிங் நம் முழங்கால்தான்

2021 ஜனவரி, பொங்கல் கழிந்த முதல் ஞாயிறு. ஜவ்வாது மலையில் புதூர்நாட்டைத் தாண்டி, ஊருக்கு ஊர் போகிற ஒரு மண்பாதையில் மலைச்சைக்கிளில் இறங்கிக்கொண்டிருந்தேன். மழைத்தண்ணீர் அறுத்துப் போட்ட பள்ளம் ஒன்று குறுக்கே வந்தது. ஒரு முழம் அகலம் இருந்தால் அதிகம். முன்சக்கரம் தாண்டிவிட்டது. நான் சீட்டில் உட்கார்ந்தபடியே இருந்தேன். பின்சக்கரம் எதிர்க்கரையில் மோதியபோது 'டக்' என்று ஒரு சத்தம். ஏதோ கல் தெறித்து ஃபிரேமில் பட்டிருக்கும் என்று நினைத்து இன்னும் இருநூறு மீட்டர் ஓட்டினேன். அப்புறம்தான் பின்பிரேக் தானாக உரசுவது தெரிந்தது. இறங்கிச் சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்தால், விழப்போகிற பல் மாதிரி ஆடுகிறது.

பாதையோரக் களத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "என்னப்பா, பஞ்சரா?" என்றார். எனக்கே என்னவென்று தெரியவில்லை. சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். சாமை மூட்டை ஏற்றிக்கொண்டு கீழே போகும் மினி லாரி மூன்று மணிக்கு வரும் என்று அவர்தான் சொன்னார். மூட்டைகளுக்கு மேலே சைக்கிளைப் படுக்க வைத்து, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து திருப்பத்தூர் வந்து சேர்ந்தேன்.

வீட்டில் சக்கரத்தைக் கழற்றினேன். அச்சின் நடுவே ஊடுருவிப் போகும் மெல்லிய கம்பியை, அதுதான் குயிக் ரிலீஸ் கம்பி, உருவியதும் அச்சின் ஒரு துண்டு என் உள்ளங்கையில் விழுந்தது. வலதுபக்கம் பால்ரஸை இறுக்கிப் பிடிக்கும் கோன் முடிகிற இடத்தில் இரண்டாக முறிந்திருந்தது. முறிந்த முகத்தில் பாதி கறுத்துப்போய், மீதிப் பாதி வெள்ளி மாதிரி பளபளத்தது. கறுத்த பாதி பல வாரங்களாகவே விரிசல் விட்டிருக்கிறது. பளபளத்தது அன்றைக்கு முறிந்தது. முறிந்த பிறகும் அந்தக் கம்பிதான் இரண்டு துண்டையும் இறுக்கிப் பிடித்து என்னைக் களத்துமேடு வரை கொண்டுவந்து சேர்த்திருக்கிறது.

அந்தத் துண்டு இன்னும் என் மேஜை டிராயரில் இருக்கிறது. ஹார்ட்டெயில் என்றால் என்ன என்பதை எனக்கு அதுதான் சொல்லிக்கொடுத்தது.

முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கில் ஸ்பிரிங் இருக்கும், பின்னால் எதுவும் இருக்காது. இதுதான் ஹார்ட்டெயில். பின்சக்கரம் வாங்கும் அடி அச்சு, ஃபிரேம், சீட்டுக் குழாய் வழியாக நேராக முதுகெலும்புக்கு வரும். நடுவில் தடுப்பதற்கு இரண்டே பொருள்தான் உண்டு: டயருக்குள் இருக்கும் காற்று, பெடலில் எழுந்து நிற்கும் நம் கால். காலை மடக்கிக் கொடுத்தால் அடி முழங்காலோடு நின்றுவிடும். உட்கார்ந்தே இருந்தால் நமக்கும் வலி, சைக்கிளுக்கும் வலி. அன்றைக்கு அந்தப் பள்ளத்தில் நான் உட்கார்ந்திருந்தேன்.

2019 டிசம்பரில் வாங்கிய வண்டி அது. அலுமினிய ஃபிரேம், 27.5 அங்குலச் சக்கரம், முன்னால் 80 மில்லிமீட்டர் அமுங்கும் இரும்பு ஸ்பிரிங் ஃபோர்க், ஒயர் இழுக்கும் டிஸ்க் பிரேக், மூன்றுக்கு ஏழு என்று 21 கியர். விலை 18,500 ரூபாய். கடையில் பார்க்கும்போது முழு மலைச்சைக்கிளாகவே தெரிந்தது. ஏலகிரிக்கு முதன்முறை ஏறி இறங்கிய நாளில் எனக்கிருந்த சந்தோஷத்தை அதற்குப் பிறகு போட்ட எந்தப் பொருளும் தரவில்லை. அதனால் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு, தன்னிடம் இருக்கும் வண்டி மட்டம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அதை எடுத்துக்கொண்டு மலைக்குப் போங்கள். எது தாங்கும், எது தாங்காது என்று பாதையே சொல்லிவிடும்.

எங்கள் ஊர்ப் பக்கம் இப்படி மூன்று பேர் சேர்ந்து ஓட்டுகிறோம். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை செய்யும் ஒரு நண்பர், பள்ளியில் பி.டி. மாஸ்டராக இருக்கும் ஒரு சார், அப்புறம் நான். மூவரிடமும் ஹார்ட்டெயில்தான். மூவரும் வேறு வேறு வரிசையில் காசு செலவழித்திருக்கிறோம். ஆறு வருட அனுபவத்தில் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது அந்த வரிசைதான் முக்கியம் என்பது.

முறிந்த அச்சை எடுத்துக்கொண்டு எங்கள் தெருமுனையில் இருக்கும் பழைய சைக்கிள் கடைக்குப் போனேன். அங்கே இருக்கும் பெரியவர் ஐம்பது வருடமாகச் சக்கரத்தின் கோட்டம் எடுப்பவர். சக்கரக் கம்பியை விரலால் சுண்டி ஓசை கேட்டே எது தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். மலைச்சைக்கிள், கியர் சைக்கிள் என்றெல்லாம் அவர் பார்ப்பதில்லை. அச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, பால்ரஸ் எங்க உக்காருது பாரு. இங்க. ஆனா ஃபிரேம் எங்க புடிக்குது? அங்க. நடுவுல இவ்ளோ தூரம் வெறும் அச்சு. வளையாம என்ன செய்யும்?" என்றார்.

விஷயம் அவ்வளவுதான். குறைந்த விலை வண்டிகளில் ஏழு பல்சக்கரங்களும் ஒரே கட்டியாக, சக்கரத்தின் நடுவே இருக்கும் ஹப்பின் மேல் மரை போட்டு முறுக்கப்பட்டிருக்கும். இதற்கு ஃப்ரீவீல் என்று பெயர். இந்த அமைப்பில் வலதுபக்கப் பால்ரஸ், ஃப்ரீவீலுக்கும் உள்ளே தள்ளித்தான் உட்கார முடியும். அங்கிருந்து ஃபிரேம் வரைக்கும் அச்சுக்கு எந்தத் தாங்கலும் இல்லை. ஏழு பல்சக்கர அகலத்துக்கு அது அந்தரத்தில் நிற்கிறது. கேசட் என்ற பல்சக்கர அடுக்கைச் செருகும் ஹப்பில் சுழலும் பகுதி ஹப்போடு சேர்ந்தே வரும், வலதுபக்கப் பால்ரஸ் அதன் வெளிமுனைக்கு வந்துவிடும். ஃபிரேமுக்குப் பக்கத்திலேயே தாங்கல் கிடைத்துவிடுவதால் அச்சு வளைவதற்கு இடமில்லை. தார் ரோட்டில் ஓட்டுகிறவருக்கு இந்த வித்தியாசம் ஆயுள் முழுக்கத் தெரியாமலே போகலாம். 78 கிலோ எடையோடு ஜவ்வாது மலைப் பள்ளங்களில் உட்கார்ந்து இறங்குகிறவனுக்கு ஒரு வருடத்தில் தெரிந்துவிடும்.

அச்சு முறிவதற்கு முன்பே வளையத் தொடங்கியிருக்கும். சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டுப் பின்னால் நின்று பாருங்கள். ரிம் நேராக ஓடும்போதே பல்சக்கரக் கட்டி மட்டும் தள்ளாடினால் சந்தேகப்பட வேண்டும். சில ஃப்ரீவீல்கள் புதிதிலேயே கொஞ்சம் தள்ளாடும். ஆனால் தள்ளாட்டம் நாளுக்கு நாள் கூடினால் அச்சைக் கழற்றிக் கண்ணாடி மேல் உருட்டிப் பார்த்துவிடுவது நல்லது.

ஆக, என் முதல் அப்கிரேடை நான் தேர்ந்தெடுக்கவில்லை. முறிந்து போனதால் வந்தது. கேசட் ஹப், ட்யூப் இல்லாமலும் ஓடக்கூடிய ரிம், 32 கம்பி என்று இரண்டு சக்கரமும் 7,200 ரூபாய் ஆயின. பெங்களூரிலிருந்து ஹப்பும் ரிம்மும் தனித்தனியாக வந்தன, கம்பி கோத்தவர் பெரியவர். அந்தச் சக்கரங்களை இதுவரை இரண்டு முறைதான் கோட்டம் எடுத்திருக்கிறோம்.

அடுத்தது டயர். இதைத்தான் எல்லோரும் முதலில் செய்ய வேண்டும் என்பேன். எங்கள் பக்கம் ஏரிக்கரை, ஓடை என்று எங்கே இறங்கினாலும் சீமைக்கருவேலம். அந்த முள் ஷூ அடிப்பாகத்தையே குத்திக்கொண்டு வரும். கோடையில் அதோடு நெருஞ்சியும் சேர்ந்துகொள்ளும். ட்யூப் போட்டு ஓட்டிய காலத்தில் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் நான்கு பஞ்சர் ஒட்டியிருக்கிறேன். முள்ளுக்குப் பயந்து காற்றை 45 பி.எஸ்.ஐ. வரை ஏற்றினால் சைக்கிள் கல்லில் பந்து மாதிரி குதிக்கும். குறைத்தால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே ட்யூப் நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும்.

ட்யூப்லெஸ் மாற்றியதும் இந்த இரண்டு தொல்லையும் ஒன்றாகத் தீர்ந்தன. ரிம்முக்குள் காற்றுப் புகாத டேப் ஒட்டி, வால்வு வைத்து, டயருக்குள் ஏறக்குறைய 100 மில்லி சீலன்ட் ஊற்ற வேண்டும். பால் மாதிரியான திரவம் அது. எருக்கங்கிளையை ஒடித்தால் வடிகிற பால் காற்றுப்பட்டதும் கெட்டியாகிறதே, அதே மாதிரி முள் குத்திய ஓட்டையில் வந்து உறைந்து அடைத்துக்கொள்ளும். முதன்முறை டயர் ரிம்மில் உட்காருவதுதான் கஷ்டம். கைப்பம்பில் அரைமணி நேரம் அடித்தும் காற்றெல்லாம் பக்கவாட்டில் ஓடிப்போனது. கடைசியில் நெடுஞ்சாலை ஓரம் லாரி டயர் கடைக்குத் தூக்கிப் போனேன். வால்வின் உள்ளூசியைக் கழற்றிவிட்டு, கடைக்காரர் ஏர் கன்னை வைத்து ஒரே அழுத்து அழுத்தினார். டயரின் விளிம்பு 'பட்', 'பட்' என்று இரண்டு முறை வெடித்த மாதிரி சத்தம் போட்டு ரிம்மின் ஓரத்தில் போய் உட்கார்ந்தது. அவர் காசு வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

இப்போது 2.25 அங்குல டயரில் முன்னால் 22, பின்னால் 26 பி.எஸ்.ஐ.யில் ஓட்டுகிறேன். டயர் கல்லின் மேல் படிந்து போகிறது. சரளை மண் ஏற்றத்தில் பின்சக்கரம் வழுக்குவது பாதியாகக் குறைந்துவிட்டது. டயர், டேப், வால்வு, சீலன்ட் எல்லாம் சேர்த்து 5,600 ரூபாய். நான் செலவழித்ததில் ஒவ்வொரு ரூபாய்க்கும் மிக அதிகமாகத் திருப்பிக் கொடுத்தது இதுதான். ஒன்றை மறக்கக் கூடாது. நம் ஊர் வெயிலில் சீலன்ட் சீக்கிரம் காய்ந்துவிடும். இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை சக்கரத்தைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே தளும்பும் சத்தம் கேட்கவில்லை என்றால் ஊற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது.

பிரேக் பற்றிப் பேச ஏலகிரிக்குப் போக வேண்டும். பொன்னேரியிலிருந்து ஏறினால் 14 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். ஏறும்போது அந்தப் பெயர்ப்பலகைகளை நின்று நிதானமாகப் படிக்கலாம், அதுதான் நம் வேகம். இறங்கும்போது ஒன்றும் படிக்க முடியாது. ஒயர் பிரேக்கில் நடுவழி வருவதற்குள் விரல்கள் மரத்துவிடும். மலிவான ஒயர் டிஸ்க் பிரேக்கில் ஒரு பக்கத்துப் பேட் மட்டும்தான் நகரும். அது சக்கரத்தோடு சுழலும் தட்டை வளைத்து மறுபக்கத்துப் பேடின் மேல் அழுத்தும். பேட் தேயத் தேய நாமேதான் திருகித் திருகி நெருக்கி வைக்க வேண்டும். ஒருமுறை பாதி மலையில் லீவர் ஹேண்டில்பார் வரைக்கும் வந்துவிட்டது. ஓரச்சுவரில் காலை ஊன்றி நிறுத்தினேன். அன்றைக்குக் கை நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது.

பேட் சூடேறிக் கருகும் அந்த வாசனையில் எனக்குக் கலிபோர்னியாவின் ஞாபகம் வரும். நான் அங்கே போனதில்லை. ஆனால் மலைச்சைக்கிள் பிறந்த கதையை அறிந்தவர்களுக்கு அந்த வாசனை தெரியும். 1976 அக்டோபரில் மரின் கவுன்டியில் ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்குப் பக்கத்து மலையில் ஓர் இறக்கப் பந்தயம் தொடங்கியது. இரண்டு மைலுக்குச் சற்றுக் கூடுதலான தூரத்தில் சுமார் 1,300 அடி இறங்கும் மண்பாதை. வந்தவர்களிடம் இருந்தவை அவர்கள் தாத்தா காலத்து கனமான குண்டுடயர் சைக்கிள்கள். பெடலைப் பின்னால் மிதித்தால் பின்சக்கரத்தின் ஹப்புக்குள் பிடிக்கும் பழைய பிரேக்தான் பலருக்கும். கீழே வந்து சேர்வதற்குள் ஹப்பில் இருந்த கிரீஸெல்லாம் புகையாகிவிடும். அடுத்த முறை இறங்க வேண்டுமென்றால் புதிதாகக் கிரீஸ் அடைக்க வேண்டும். மறுபடி அடைப்பது என்ற பொருளில் அந்தப் பாதைக்கே 'ரீபேக்' என்று பெயர் வந்தது.

அவர்கள் என்ன செய்தார்கள்? பழைய சைக்கிளில் மோட்டார்சைக்கிள் லீவரை மாட்டினார்கள், வேறு வண்டியிலிருந்து கியரைக் கழற்றி வைத்தார்கள், டிரம் பிரேக் போட்டார்கள். ஃபிரேம்கள் உடைந்தன. 1977-ல் ஜோ பிரீஸ் அந்த வேலைக்கென்றே புதிதாக ஒரு ஃபிரேமைக் கட்டினார். கேரி ஃபிஷர், சார்லி கெல்லி, டாம் ரிட்சி என்று மற்றவர்களும் சேர, கடையில் வாங்கக்கூடிய பொருளாக மலைச்சைக்கிள் மாறியது. அட்லாண்டாவில் 1996-ல் ஒலிம்பிக் பந்தயமாகவே ஆகிவிட்டது. எது உடைந்ததோ அதை மாற்றி மாற்றியே உருவான வண்டி இது. நம் ஊரில் ஒருவர் ஹார்ட்டெயிலை வாங்கி ஒவ்வொன்றாக மாற்றுவதும் அதே தொழிலின் தொடர்ச்சி என்றே எனக்குப் படுகிறது.

சரி, ஹைட்ராலிக் பிரேக். லீவரை அமுக்கினால் குழாயில் இருக்கும் எண்ணெய் இரண்டு பக்கத்துப் பேடையும் ஒரே நேரத்தில் தள்ளும். தேய்மானத்தையும் தானே சரிக்கட்டிக்கொள்ளும். ஷிமானோவின் எம்.டி.200 செட் ஒன்று போட்டேன், பொருத்துக்கூலியோடு 4,800 ரூபாய். இறங்கும்போது ஒரு விரல் போதும், மீதி மூன்று விரலும் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்ளலாம். இந்த பிரேக்கில் ஓடுவது மினரல் ஆயில். பைக்கில் ஊற்றும் டாட் திரவத்தை இதில் ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பரெல்லாம் கெட்டுவிடும்.

இதில் ஒரு வருத்தமான சம்பவம் உண்டு. ஒருமுறை வெளியூரில் ஒரு கடையில் காற்றடிக்க விட்டிருந்தேன். முன்பிரேக் கீச்சிடுகிறது என்று அங்கிருந்த பையன் நல்ல மனதோடு தட்டின் மேல் செயின் ஆயிலை அடித்துவிட்டான். சத்தம் நின்றது. பிரேக்கும் நின்றது. அடுத்த திருப்பத்தில் லீவரை எவ்வளவு அமுக்கியும் வண்டி நிற்கவில்லை, முள்வேலியில் போய் நின்றேன். எண்ணெய் குடித்த பேடை எவ்வளவு தேய்த்தாலும் சரியாகாது. புதுப் பேட் போட்டு, தட்டை ஸ்பிரிட்டால் துடைத்து, இருபது முப்பது தடவை வேகத்தில் வந்து மெதுவாகப் பிடித்துப் பழக்கின பிறகுதான் பழைய பிடிப்பு வந்தது. அன்றிலிருந்து யார் கையில் கொடுத்தாலும் முதல் வார்த்தை, "தட்டுல மட்டும் எண்ணெய் படக் கூடாது தம்பி."

கியரில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அதன் கணக்கு. 21 கியரைக் கழற்றிவிட்டு 10 கியர் போட்டேன் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். பழைய வண்டியில் முன்னால் 42, 32, 22 பற்கள், பின்னால் 14 முதல் 28 வரை. ஏற்றத்துக்கான மிக இலகுவான கியர் 22-ஐ 28-ஆல் வகுத்தால் 0.79. அதாவது பெடல் ஒரு சுற்று சுற்றினால் சக்கரம் முக்கால் சுற்றுக்குச் சற்று மேலே போகும், தூரத்தில் சுமார் 1.7 மீட்டர். இப்போது முன்னால் ஒரே ஒரு 32 பல் சக்கரம், பின்னால் 11 முதல் 46 வரை பத்துப் பல்சக்கரம். 32-ஐ 46-ஆல் வகுத்தால் 0.70, சுமார் 1.5 மீட்டர். ஒவ்வொரு மிதிக்கும் இருபது சென்டிமீட்டர் குறைவு. ஏலகிரியின் பத்தாவது வளைவில் இறங்கித் தள்ளுவதற்கும் உட்கார்ந்து மிதிப்பதற்கும் நடுவே இருப்பது அந்த இருபது சென்டிமீட்டர்தான். வேகக் கியரில் இழப்பு என்று பார்த்தால் 42-க்கு 14 என்பது 3.0, இப்போது 32-க்கு 11 என்பது 2.91. கிட்டத்தட்ட ஒன்றுதான். 21 கியரில் பாதி ஒன்றையொன்று திரும்பச் சொல்பவை.

ஆனால் இது தனியாக ஒரு பொருளை மாற்றும் வேலை இல்லை. கேசட் போட ஹப் வேண்டும், அது எனக்கு ஏற்கெனவே வந்துவிட்டது. பெடலைப் பிடித்திருக்கும் பழைய கிராங்கில் பல்சக்கரங்களை ரிவெட் அடித்து வைத்திருந்தார்கள், கழற்ற முடியாது. அதனால் கிராங்கும் மாற்ற வேண்டும். அப்புறம் கையால் கியர் மாற்றும் ஷிஃப்டர், செயினைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் தள்ளும், கிளட்ச் உள்ள பின் டீரெய்லர், பத்து கியருக்கான மெல்லிய செயின். ஷிமானோவின் டியோர் வரிசையில் வாங்கியது மொத்தம் 13,500 ரூபாய். கிளட்ச் உள்ள டீரெய்லர் செயினை இழுத்துப் பிடித்துக்கொள்வதால், கற்பாதையில் செயின் ஃபிரேமில் அடித்துக் கலகலக்கும் சத்தம் அடங்கிவிட்டது. சைக்கிள் அமைதியானதும் காட்டின் சத்தம் கேட்க ஆரம்பித்தது. காவலூர் வானாய்வகத்துக்குப் போகும் ரோட்டில் அதிகாலையில் ஏறும்போது மயில் அகவுவது இப்போதுதான் எனக்கு முழுதாகக் கேட்கிறது.

டீரெய்லரை ஃபிரேமோடு பிடித்திருக்கும் ஹேங்கர் என்ற சிறு அலுமினியத் துண்டை ஒன்றுக்கு இரண்டாக வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே விழுந்தால் ஃபிரேமுக்குப் பதில் அது வளையட்டும் என்றே மிருதுவாகச் செய்கிறார்கள். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒவ்வொரு வடிவம், நம் ஊர்க் கடையில் திடீரென்று கேட்டால் கிடைக்காது.

ஆம்பூர் நண்பரின் கதை ஃபோர்க்கில் தொடங்குகிறது. அவர் வண்டியும் கிட்டத்தட்ட என்னுடையது மாதிரியேதான். மூன்று பேரில் முதலில் செலவு செய்தவர் அவர். பெங்களூரில் ஒருவரிடம் இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதில் காற்று வைத்த நல்ல ஏர் ஃபோர்க் ஒன்றைப் பாதி விலைக்குப் பிடித்தார். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூவரும் உட்கார்ந்து பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை ஏற்றப் பார்த்தால், அடியில் நுழையவே இல்லை. புது ஃபோர்க்கின் கழுத்துக் குழாய் மேலே ஒன்றேகால் அங்குலத்துக்கும் குறைவு, கீழே ஒன்றரை அங்குலம். எங்கள் ஃபிரேமோ மேலிருந்து கீழ்வரை ஒரே அளவு. ஒன்றரை அங்குலத்துக்கு அதில் இடமே கிடையாது, எந்த பேரிங் கிண்ணம் வாங்கினாலும் சேராது. முன்சக்கரத்தின் அச்சும் வேறு அளவு. நண்பர் வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. கடைசியில், "சரி விடுங்க ண்ணா, வித்துடலாம்" என்று துணியில் சுற்றி வைத்தார். அவர் மூன்று மாதச் சேமிப்பு அது. விற்றபோது முழுப்பணம் வரவில்லை.

இதை இங்கே விரிவாக எழுதக் காரணம், அந்த மாலையில்தான் எனக்கு ஒன்று உறைத்தது. ஃபிரேம் தன் எல்லையைத் தன் மேலேயே எழுதி வைத்திருக்கிறது. கழுத்துக் குழாயின் விட்டம், அச்சின் அளவு, பின்னால் இரண்டு பக்கத் தகட்டுக்கும் இடையே இருக்கும் தூரம், டயருக்கு விட்டிருக்கும் இடம். ஒரு டேப்பும் ஒரு வெர்னியரும் இருந்தால் அரைமணி நேரத்தில் அளந்துவிடலாம். அதை எழுதி வைத்துக்கொண்ட பிறகுதான் பொருள் தேட வேண்டும்.

என் முறை வந்தபோது நேர்க்குழாய், பழைய அச்சு அளவு என்று தேடி 100 மில்லிமீட்டர் ஏர் ஃபோர்க் வாங்கினேன், 17,000 ரூபாய். பழையதைவிட 20 மில்லிமீட்டர் உயரம் கூடுதல். 120 கிடைக்கும்போது 100 எதற்கு என்று பலர் கேட்டார்கள். முன்பக்கம் 20 மில்லிமீட்டர் உயர்ந்தாலே ஃபோர்க் ஏறக்குறைய ஒரு டிகிரி சாய்ந்துவிடும். அதற்கு மேல் போனால் ஏற்றத்தில் முன்சக்கரம் ஊசலாடும், ஃபிரேமின் கழுத்தில் அதன் கணக்குக்கு மீறிய விசை விழும். ஃபிரேமைச் செய்தவர்கள் நினைத்திருந்த அளவோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

ஏர் ஃபோர்க்கில் எல்லாமே காற்றின் அளவில்தான் இருக்கிறது. அதற்கென்றே சிறிய பம்பு உண்டு. ஃபோர்க்கின் பளபளக்கும் குழாயில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும், இல்லையென்றால் ஒரு பிளாஸ்டிக் டையைத் தளர்வாகக் கட்டிக்கொள்ளலாம். அதை அடிவரை தள்ளி வைத்துவிட்டு, தண்ணீர் பாட்டில், பை, ஹெல்மெட் எல்லாம் போட்டுக்கொண்டு மெல்ல ஏறி நின்று, மெல்ல இறங்க வேண்டும். வளையம் 20 முதல் 25 மில்லிமீட்டர் மேலே நகர்ந்திருந்தால் சரியான அளவு. முதல் வாரம் நான் கடையில் அடித்துக் கொடுத்த காற்றோடு ஓட்டினேன், 10 மில்லிமீட்டர்தான் நகர்ந்தது. பழைய இரும்பு ஸ்பிரிங்கே மேல் என்று தோன்றிவிட்டது. கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை இறக்கினேன், பள்ளத்தில் அமுங்கி எழும் வேகத்துக்கான சிவப்புத் திருகைக் கொஞ்சம் நெருக்கினேன். ஒரு மாலை முழுக்க ஏரிக்கரையில் ஒரே மேட்டின் மேல் முப்பது முறை ஓட்டியிருப்பேன். கடைசி முறை முன்சக்கரம் மேட்டில் ஏறி இறங்கியது என் கைக்குத் தெரியவே இல்லை. அப்படியே நின்றுவிட்டேன்.

இதெல்லாம் ஆன பிறகும் பின்னால் ஸ்பிரிங் இல்லை. இறக்கத்தில் பெடல் இரண்டையும் ஒரே மட்டத்தில் வைத்து, குதிகாலைக் கீழே தாழ்த்தி, முழங்காலை மடக்கி, இடுப்பைக் கொஞ்சம் பின்னால் தள்ள வேண்டும். முன்சக்கரம் பள்ளத்தைத் தாண்டிய கணமே காலைத் தளர்த்திச் சைக்கிளை மேலே வர விட வேண்டும். பி.டி. சார்தான் இதை எங்களுக்கு மைதானத்தில் செங்கல் அடுக்கிச் சொல்லிக்கொடுத்தார். அவர் வண்டி எங்கள் இரண்டையும்விட நல்லது. 29 அங்குலம், கேசட் ஹப், ஒன்றரை அங்குலக் கழுத்து, ஏர் ஃபோர்க் எல்லாம் கம்பெனியிலிருந்தே வந்தவை. கூடுதலாகக் காசு கொடுத்து ஒரேயடியாக வாங்கினார். அதன் பிறகு டயர் தவிர எதுவும் மாற்றவில்லை.

என் கணக்கு இது. வண்டி 18,500. சக்கரம், டயர், பிரேக், கியர், ஃபோர்க், அதோடு அகலமான ஹேண்டில்பார், முள் வைத்த நைலான் பெடல், சீட் என்று சில்லறைச் செலவு 3,400. எல்லாம் சேர்த்து 70,000 ரூபாய். அந்தப் பணத்துக்கு ஒரேயடியாக சார் வண்டி மாதிரியே வாங்கியிருக்கலாமே என்று கேட்டால், ஆமாம், வாங்கியிருக்கலாம். கையில் பணம் இருப்பவர்கள் அப்படித்தான் செய்ய வேண்டும். முடியாதவர்கள் வாங்கும்போது இரண்டே விஷயத்தைப் பார்த்தால் போதும்: பின்னால் கேசட் ஹப்பா, கழுத்து அடியில் அகன்றதா? இந்த இரண்டும் இருந்தால் மீதியை நிதானமாக வருடம் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம். என்னிடம் 2019-ல் 18,500-க்கு மேல் இருக்கவில்லை. நான்கு வருடத்தில் சம்பளத்திலிருந்து எடுத்து எடுத்துச் செய்தது. அதில் ஒவ்வொரு பொருளும் எந்தப் பாதையில் எதற்காக மாறியது என்று எனக்குத் தெரியும்.

பத்து ரூபாய் இரும்பு ஸ்கேல் ஒன்றும் என் கருவிப்பெட்டியில் இருக்கிறது. செயினின் ஒவ்வொரு கண்ணியும் அரை அங்குலம். ஒரு பின்னின் நடுவில் ஸ்கேலை வைத்தால் இருபத்து நான்காவது கண்ணியின் பின் சரியாக 12 அங்குலத்தில் வர வேண்டும். பதினாறில் ஒரு பங்கு அங்குலம் தாண்டினால் செயினை மாற்ற வேண்டும். விட்டுவிட்டால் கேசட்டின் பற்களையும் அது தின்றுவிடும், செலவு நான்கைந்து மடங்காகும். ஜவ்வாது மலைச் செம்மண்ணில் எண்ணெயோடு புழுதி சேர்ந்து அரைமாவு மாதிரி ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு முறை வந்ததும் துணியால் துடைத்துவிடுகிறேன்.

சென்ற டிசம்பரில் மூவரும் மறுபடி புதூர்நாடு ஏறினோம். காப்புக்காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும் என்பதால் நாங்கள் எப்போதும் ஊருக்கு ஊர் போகும் பாதைகளோடு சரி. அந்த மண்பாதை அப்படியேதான் இருந்தது. பள்ளம் மட்டும் இன்னும் கொஞ்சம் அகன்றிருந்தது. தூரத்திலேயே எழுந்து நின்றுவிட்டேன். முன்சக்கரம் தாண்டியது, காலைத் தளர்த்தினேன், பின்சக்கரம் கரையில் ஏறி என் கீழே வந்து சேர்ந்தது. கேட்டதெல்லாம் டயர் மண்ணில் பதியும் 'பொத்' என்ற சத்தம்.

களத்தில் அதே அம்மா சாமை புடைத்துக்கொண்டிருந்தார். என்னை நினைவிருக்காது என்று நினைத்தேன். நிமிர்ந்து பார்த்து, "நீதானே அன்னிக்கு மூட்டை மேல உக்காந்து போனவன்?" என்றார். ஆமாம்மா என்றேன். முறத்தை வைத்துவிட்டு எழுந்து வந்து, பின்சக்கரத்தைக் கையால் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை. "தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்று சொம்பை எடுக்க உள்ளே போனார்.